குளிரில் ஆமைக்கு ஒரு கதகதப்பான அறை

சல்காட்டா, சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பைச் சேர்ந்த நில ஆமை. அதற்குக் குளிர்காலத் துயில் கிடையாது. எனவே அமெரிக்காவின் அரிசோனா, டெக்சாஸ் போன்ற இடங்களில் தோட்டத்தில் வளரும் சல்காட்டாவுக்குக் குளிர்கால இரவுகளில் சூடான அறை கட்டாயம் தேவை.

• அளவு: ஆமை தாராளமாகத் திரும்பும் அளவு போதும். அறை பெரிதானால் சூடேற்றுவது கடினம்.

• சுவர்: தரை, கூரை உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே தெர்மாகோல் வைத்து மூட வேண்டும். வெளியே தெரியும் தெர்மாகோலை ஆமை கடித்துத் தின்னும்.

• வாசல்: காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் அமைத்து, தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் திரையாகத் தொங்கவிடலாம்.

• வெப்பம்: எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் அறை முழுவதையும் சீராகச் சூடாக்கும். ஆமை முட்டாதபடி அதன் முன் தடுப்பு தேவை. தாழத் தொங்கும் வெப்ப விளக்கு பெரிய ஆமையின் ஓட்டைச் சுட்டுவிடும். வைக்கோலில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

• அளவீடு: தெர்மோஸ்டாட்டை 27 டிகிரி செல்சியஸ் அளவில் வைப்பது நல்லது. மின் இணைப்பில் மின்கசிவுத் தடுப்பான் அவசியம்.

• ஈரம்: குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சுவாச நோய் வரும். தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும்.

• மாலையில்: ஆமை உள்ளே வந்துவிட்டதா, ஹீட்டர் இயங்குகிறதா என்று தினமும் பார்ப்பது முக்கியம்.