மரத்தை அசையாமல் பிடிக்க

ஆசாரி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பார். உளி போடும்போதும் பாதம்தான் மரத்தை அழுத்திப் பிடிக்கும். சிறு வயதிலிருந்து பழகிய கால் அது. நாற்பது வயதுக்கு மேல், மதுரையில் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மரவேலை பழகத் தொடங்கிய எனக்கு அந்தக் கால் வாய்க்கவில்லை.

இது புரியாமல் முதல் வருடம் முழுக்க உளிகளாக வாங்கிச் சேர்த்தேன். மரத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் செதுக்குவேன். ஒரு நாள் உளி வழுக்கி இடது பெருவிரலின் அடிச்சதையில் இறங்கிவிட்டது. நான்கு தையல். மூன்று வாரம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன். மரத்தைப் பிடிக்க வேறொன்று இருந்திருந்தால், என் இரண்டு கைகளும் உளியின் முனைக்குப் பின்னால் இருந்திருக்கும். காயத்துக்கு வழியே இருந்திருக்காது.

கை சரியானதும் முதலில் செய்தது பெஞ்ச் ஹூக். 18 மி.மீ. கனமுள்ள ப்ளைவுட்டில் 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு. ஒரு முனையில் அடிப்பக்கமாக ஒரு சட்டம், எதிர் முனையில் மேல்பக்கமாக ஒரு சட்டம். அவ்வளவுதான். அடிச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டி நிற்கும். மேல்சட்டத்தோடு மரத்தை அணைத்து வைத்து அறுத்தால், ரம்பத்தைத் தள்ளுகிற வேகமே மரத்தை இறுக்கிக்கொள்ளும். வலக்கைக்காரர்கள் மேல்சட்டத்தை வலது ஓரத்தில் 2 செ.மீ. குட்டையாக விட வேண்டும். அறுத்து முடிக்கும்போது ரம்பம் அந்த ப்ளைவுட்டில் இறங்கும், மேசை தப்பிக்கும். சட்டங்களை ஆணியடித்துப் பொருத்தாதீர்கள். என்றாவது ஒரு நாள் ரம்பத்தின் பல் அங்கே போய்த்தான் தீரும். பெவிகாலும் இரண்டு மூங்கில் முளைகளும் போதும்.

இப்போது பலர் வாங்குகிற ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போதுதான் அறுக்கும். மரம் நம்மை நோக்கி வரும். அதற்கு ஹூக்கைத் திருப்பி, மேசையின் எதிர் விளிம்பில் மாட்ட வேண்டும். என் மேசை ஒன்றரை அடி அகலம்தான் என்பதால் கை எட்டுகிறது.

அடுத்தது ஷூட்டிங் போர்டு. இழைப்புளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பலகையின் தலைப்பை மூலைமட்டத்துக்கு இழைக்க உதவுகிற தடம் அது. கீழே அகலமான பலகை. அதன்மேல், இழைப்புளி ஓட 9 செ.மீ. இடம் விட்டு இன்னொரு பலகை. அதன் தலையில் குறுக்கே ஒரு தடுப்புச் சட்டம். படச்சட்டம், சின்னப் பெட்டி செய்கிறவர்களுக்கு இதைப்போல உதவுகிற கருவி வேறில்லை என்பேன்.

இதில் எனக்கு ஒரு அடி விழுந்தது. முதல் போர்டை வீட்டில் கிடந்த வேப்பம்பலகையில் செய்தேன். சித்திரையில் மயிரிழை பிசகாமல் வேலை செய்தது. ஐப்பசி மழையில் அதே போர்டில் இழைத்த சட்டங்கள் மூலையில் வாய் பிளந்தன. மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே உப்பும். ரேகையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. நானோ தடுப்புச் சட்டத்தைக் குறுக்காக வைத்து ஒட்டியிருந்தேன். பலகை உப்பப் பார்க்க, சட்டம் விடாமல் பிடிக்க, போர்டே வளைந்துவிட்டது. ப்ளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டவை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது போர்டை அதில்தான் செய்தேன். மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

தடுப்பைப் பொருத்தும் முன் மூலைமட்டத்தையே ஒரு முறை சோதித்துவிடுங்கள். நேரான விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் மூலைமட்டம் சரி. விலகினால், அந்த விலகலில் பாதிதான் அதன் பிழை. தடுப்புக்கு இரண்டு ஸ்க்ரூ போடுங்கள்; ஒன்றின் துளையை மட்டும் சற்றுப் பெரிதாக்கினால், பின்னால் தேவைப்படும்போது நகர்த்திச் சரிசெய்யலாம். தடுப்பின் முனை தடத்தின் விளிம்போடு ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால், இழைப்புளி வெளியேறும் இடத்தில் மரம் சிராய் சிராயாகப் பெயரும். தடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் இழைப்புளி வழுக்கிக்கொண்டு ஓடும்.

அகலப் பலகையை இழைக்க ஆப்பு போதும். மேசைமேல் இரண்டு சட்டங்கள்; ஒன்றை நேராகவும் மற்றதைச் சற்றுச் சாய்வாகவும் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். பலகையை இடையில் வைத்து, அதே சாய்வில் வெட்டிய ஆப்பைக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. ஏழுக்கு ஒன்று என்ற சாய்வு எனக்கு ஒத்துவந்தது. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஆப்பு கழன்று வருகிறது. சட்டமும் ஆப்பும் பலகையைவிடக் கனம் குறைவாக இருக்கட்டும், இழைப்புளி முட்டாது.

வைஸ் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் மேசையில் இன்றுவரை வைஸ் இல்லை. இந்த மூன்றையும் வைத்தே இரண்டு முக்காலிகள், ஒரு அஞ்சறைப்பெட்டி, பத்துப் பன்னிரண்டு படச்சட்டங்கள் முடித்திருக்கிறேன்.

அலமாரி செய்த ஆசாரி விட்டுப்போன ப்ளைவுட் துண்டு உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். அடுத்த ஞாயிறு அதை இறக்கி, ஒரு பெஞ்ச் ஹூக் செய்துவிடுங்கள். புது உளி அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.