செம்பும் எலும்பும்: அமீன் ஆல்டிஹைடாக மாறும் விதம்

அமீன் தொகுதியைத் தாங்கி நிற்கும் கரியணுவில் ஹைட்ரஜன் இருந்தால், அந்த அமீனை ஆக்ஸிகரணம் செய்து ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாற்றலாம். பென்ஸைலமீனுடன் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அளவறிந்து சேர்த்தால், வாதுமை மணமுள்ள பென்ஸால்டிஹைடு தோன்றும். முதலில் கரியணுவும் நைட்ரஜனும் ஹைட்ரஜனை இழந்து இரட்டைப் பிணைப்பால் இணைகின்றன. இமீன் எனப்படும் இப்பொருளை நீர் பிளக்கிறது. அம்மோனியா விலக, ஆல்டிஹைடு எஞ்சுகிறது. அதனை அந்நிலையில் நிறுத்துவதே கடினம். பெர்மாங்கனேட் மிகுந்தால் அமிலமாகிவிடும். கீட்டோனுக்கு இந்த அபாயம் குறைவு. அனிலீனில் நைட்ரஜனைத் தாங்கும் கரியணுவில் ஹைட்ரஜனே இல்லை. ஆகவே அது வேறு வழியிற் சென்று, டைகுரோமேட்டுடன் கருஞ்சாயமாகிறது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு வாய்பாட்டுடன் எழுதிக் காட்டுதல் நலம்.

இதே மாற்றம் உயிருடலிலும் நாள்தோறும் நடைபெறுகிறது. எலும்பு, தோல், இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு வலுவளிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தில் லைசின் உண்டு. அதன் கிளை நுனியில் ஓர் அமீன் தொகுதி இருக்கிறது. லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதனை ஆல்டிஹைடாக மாற்றுகிறது. அந்த ஆல்டிஹைடு அடுத்த இழையின் அமீனோடு கூடிக் குறுக்குப் பிணைப்பாகிறது. முறுக்காத நாரைக் கயிறாக்கும் வேலை இதுவே எனலாம். நொதியிலுள்ள குயினோன் பகுதி அமீனைத் தாக்குகிறது. அக்குயினோன் உருவாவதற்கே செம்பு வேண்டும். பெர்மாங்கனேட்டைப்போல் இது எல்லை மீறுவதில்லை. செம்பற்ற தீவனம் உண்ட கோழிக்குஞ்சுகளின் பெருந்தமனி நலிந்து வெடிப்பதை 1961-ஆம் ஆண்டில் ஓடெல் குழுவினர் எடுத்துக்காட்டினர்.

ஆந்திரத்தில் இப்பொருளுக்குத் தனிக் கவனம் உண்டு. குடிநீரில் புளோரைடு மிகுந்த ஊர்களில் இளைஞர் சிலரின் முழங்கால்கள் உட்புறம் வளைந்து முட்டுவதை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973-இல் விவரித்தனர். மாலிப்டினம் மிகுந்த சோளத்தை உண்போரின் சிறுநீரில் செம்பு கூடுதலாக வெளியேறுவதை அடுத்த ஆண்டு தியோஸ்தலேயும் கோபாலனும் கண்டனர். செம்பு குன்றினால் குறுக்குப் பிணைப்பும் குன்றும் என்பது இயல்பாகத் தோன்றும் கருத்தே. ஆயினும் கால் வளைவுக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டுதல் அவசரமாகும். புளோரைடே எலும்பைத் தாக்கும். கால்சியக் குறைவும் அதனோடு சேரும்.

எனவே வெதுருகுப்பம் போன்ற வறண்ட பகுதிகளில் பணிபுரிவோர் முதலிற் செய்யத்தக்கது ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவதாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை இந்தியத் தர அளவு இடந்தருகிறது. மயில்துத்தத்தை மருந்தென்று யாருக்கும் கொடுத்தலாகாது. அளவு மீறின் அது நஞ்சு. ஆடு வளர்ப்போருக்கும் இதனைச் சொல்லிவைக்க வேண்டும்: செம்மறியாடு மாட்டைவிட மிக எளிதிற் செம்பு நஞ்சுக்கு இரையாகும்.