விளையாட்டு ஆக்கத்தில் இரண்டாம் படி

கேள்வி: கோடோ கேம் எஞ்சினில் ஆரம்பப் பாடங்களைக் கற்று, ஒரு பாத்திரத்தை ஓடவும் குதிக்கவும் செய்துவிட்டேன். இனி மேலே செல்ல வழி யாது? (ஒரு வாசகர், வேளாங்கண்ணி)

பதில்: பாடத்தில் கண்டதைச் செய்து பார்ப்பது ஒரு வித்தை, சொந்தமாகக் கற்பனை செய்த சிறு விளையாட்டை ஆதியோடந்தமாக முடிப்பது வேறொரு வித்தை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்த் தாயொருத்தியின் சமையற் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்து இட்லி முதலியவற்றைச் சமைப்பதையே பிரதானமாகக் கொண்ட சிறிய ஆக்கமாயிருந்தும், 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றதை நினைக்குந்தோறும் உள்ளம் பூரிக்கிறது.

தாங்களும் தங்கள் பிரதேசத்து விஷயமொன்றையே, அதாவது மேட்டூர் நீர் கடைமடைக்கு வந்து சேருகையில் மதகுகளை முறைவைத்துத் திறந்து வயல்களுக்குப் பங்கிடுவதையே, விளையாட்டாக்கலாம். ஒவ்வொரு மதகையும் தனி சீனாக அமைத்து, தான் திறந்த செய்தியை சிக்னல் வாயிலாக மாத்திரம் அது வெளியே அறிவிக்குமாறு செய்தால், ஒன்றைத் திருத்துகையில் மற்றொன்று கெடும் அபாயம் பெரிதும் குறையும். நீரின் கணக்கை, கணினிக்குக் கணினி வேகம் மாறுகிற திரைச் சுற்றில் வையாமல், இயல்பாக நொடிக்கு 60 முறை இயங்கும் பிசிக்ஸ் சுற்றில் வைப்பது அவசியம். வயலின் பரப்பையும் பயிரின் தேவையையும் ரிசோர்ஸ் கோப்புகளில் எழுதினால், நிரலைத் தொடாமலே மாற்றலாம். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள். பின்னர் ஒரு சிநேகிதரிடம் விளையாடக் கொடுத்து, யாதொரு விளக்கமும் கூறாமல், அவர் எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.