பால்கட்டு என்று சொல்லிவிடாதே



மகளே, மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் மருத்துவமாதாக உனக்கு முதல் நியமனம் என்று கேள்விப்பட்டேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வருகிறவள் நீ. நாங்கள் துறையில் பாதை என்ற மிதவைப் படகுக்குக் காத்துநின்று, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவி கடந்தோம். அந்தக் கதை கிடக்கட்டும்.

நான் மருத்துவமாதாக இருந்தபோது பார்த்த ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. இடது மார்பில், கமக்கட்டுப் பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. நோவில்லை. "பால்கட்டுத்தான் புள்ள, பிள்ளை பிறந்தாச் சரியாயிரும்" என்றேன். பிள்ளை பிறந்தது, கட்டி போகவில்லை. தோல் தோடம்பழத் தோலாகத் தடித்த பிறகுதான் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனாள். பிழை என்னுடையது.

கர்ப்பகாலக் கட்டிகளில் பத்துக்கு எட்டு ஒன்றும் செய்யாதவை. சுமார் 3,000 கர்ப்பிணிகளில் ஒருத்திக்குத்தான் மார்புப் புற்று. அதனால்தான் ஏமாறுகிறோம். சுகவனிதையர் கிளினிக் 35 வயதும் அதற்கு மேலுமானவர்களைத்தான் தேடி அழைக்கும். 28 வயதுக் கர்ப்பிணிக்கு நம்மைவிட்டால் வேறு வலை இல்லை.

கர்ப்பத்தில் புற்று வந்தால், எதிர்ப்புச் சக்தி தூங்கிவிடுவதுதான் காரணம் என்பார்கள். தூங்குவதில்லை. பாதி தகப்பன் வழி வந்த சிசுவைத் தாயின் உடம்பு ஏன் தாக்கவில்லை என்று பீட்டர் மெடவார் 1953இல் கேட்டார். நச்சுக்கொடி ஒட்டிய இடத்தில் டி கலங்கள் என்ற எதிர்ப்புக் கலங்களில் சில நின்று தாக்குதலை அடக்குவது பிறகு தெரியவந்தது. புற்றுக்கட்டியும் அதே வகைக் கலங்களைத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைக்கென்று உடம்பு வைத்திருக்கும் சலுகையைத் திருடுகிற வேலை! பால் வற்றி மார்பு சுருங்கும்போதும், காயம் ஆறுகிற இடத்தில்போல, எதிர்ப்புக் கலங்கள் வந்து கூடும். புற்றுப் பரவ அதுவும் இடம் கொடுக்கலாம். ஆகவே பேற்றுக்குப் பின் வீட்டுக்குப் போகும்போதும் மார்பைப் பற்றிக் கேள்.

வயிற்றுப் பிள்ளைக்குப் பயந்துதான் பிந்துவார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பதும் பிள்ளையைத் தொடாது. சத்திரசிகிச்சை எந்த மாதத்திலும் செய்யலாம். முதல் மூன்று மாதம் கழிந்தால் சில கீமோ மருந்துகளும் கொடுக்கலாம். கதிர்ச்சிகிச்சையைப் பேற்றுக்குப் பின் வைத்துக்கொள்வார்கள். கர்ப்பத்தில் தாய்க்குப் புற்றுநோய் வந்த 129 பிள்ளைகளை ஃப்ரெடெரிக் அமாந்த் குழுவினர் ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்திருந்தார்கள். அறிவு வளர்ச்சியைப் பாதித்தது மாதம் முந்திப் பிறந்ததுதான்.

இரண்டு கிழமைக்கு மேல் கட்டி இருந்தால் கிளினிக் கொப்பியில் எழுது, டாக்டரிடம் காட்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பு. புற்றுநோய்ப் பிரிவு அங்கேயே இருக்கிறது. "வெள்ளாமை வெட்டு முடியட்டும் மனே" என்பாள் அவளுடைய தாய். கேட்காதே. அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவளோடு நீயும் ஏறு.