காற்றைக் கேட்டீர்களா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

டெக்சஸ் கடற்கரையில் டிராவல் டிரெய்லரோடு கழித்த வசந்தகால நாட்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். முடித்த கையோடு ஐந்தாம் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஆகவே நலம் விசாரிப்பதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு நேரே அதற்கு வருகிறேன்.

போலிவர் தீபகற்பத்து ஆர்.வி. பார்க்கில் இரவெல்லாம் மழை. வடக்கேயிருந்து அடித்த காற்றில், சுருட்டாமல் விட்ட ஆவ்னிங் விடியும்வரை படபடத்தது. டிரெய்லரே ஆடியது. காலையில் வானிலை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, பதினோரு மணிக்கு ஹிட்ச் பூட்டி, ப்ளூபானெட் பூக்களைப் பார்க்க மேற்கே கிளம்பிவிட்டீர்கள். மதியம் முழுக்க ஹூஸ்டன் நெரிசலில் நின்றதை வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மதியத்துக்காகத்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அந்தக் கரைக்கு வந்து நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் பறவை பார்க்க ஹை ஐலண்டின் பாய் ஸ்கவுட் காட்டுக்குப் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். வானம் பளிச்சென்று இருந்தது, தெற்கிலிருந்து இதமான காற்று, விடியற்காலையிலேயே போய் நின்றீர்கள், பத்து மணிவரை மரங்கள் வெறிச்சோடிக் கிடந்தன, அந்த இடத்துக்குப் பெயர்தான் பெரிது என்று எழுதிவிட்டுத் திரும்பினீர்கள். தெற்குக் காற்று, வடக்குக் காற்று இரண்டும் உங்கள் கட்டுரையில் இருக்கின்றன. இரண்டையும் நீங்களே கைப்பட எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கட்டுரை முழுவதிலும் என்னை உறுத்தியது இதுதான்.

விடியலில் பறவை பார்ப்பது ஏரிக்கும் குளத்துக்கும் சரி. ஹை ஐலண்டுக்குச் சரிவராது. அங்கே வரும் வார்ப்ளர்களும் டேனஜர்களும் முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் மெக்சிகோவின் யுகடான் கரையை விட்டுக் கிளம்பியவை. நடுவில் கால் ஊன்ற ஒரு கிளை கிடையாது. ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் வளைகுடாத் தண்ணீரை இரவெல்லாம் கடந்து, மறுநாள் மதியத்தையும் தாண்டித்தான் டெக்சஸ் கரையைத் தொடுகின்றன. தெற்குக் காற்று முதுகில் தள்ளினால் அவற்றுக்கு இறங்கவே தேவை இருக்காது. உங்கள் தலைக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், உள்நாட்டுக் காடுகளுக்குப் போய்விடும். வடக்குக் காற்று எதிரே மோதி, மழையும் சேர்ந்துகொண்டால் அவற்றின் கொழுப்பு கடல் மேலேயே தீர்ந்துபோகும். பிறகு கண்ணில் படும் முதல் மரத்தில் விழ வேண்டியதுதான். சுற்றிலும் சதுப்பு. நடுவில் பூமிக்கடியிலிருந்து உப்பு மேலே தள்ளியதால் சுமார் 10 மீட்டர் உயர்ந்த ஒரு மேடு. அதன் மேல் ஓக் மரங்களும் மல்பெரியும். அந்த முதல் மரங்கள் இவைதான். நீங்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போன 124ஆம் நெடுஞ்சாலை அந்த மேட்டின் வழியாகத்தான் போகிறது, தம்பி. வைப்பரைப் போட்டுக்கொண்டு அதைக் கடந்து போயிருக்கிறீர்கள்.

இது ஏதோ நான் கண்டுபிடித்ததல்ல. இதே வெறிச்சோடிய மரங்களை வைத்துப் பெரிய மனிதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். 1945இல் ஹூஸ்டனின் ரைஸ் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், பறவைகள் வசந்தத்தில் வளைகுடாவைக் கடப்பதே இல்லை, கரையோரமாகச் சுற்றித்தான் வருகின்றன என்று வாதிட்டார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் லோவெரி இதற்குப் பதில் சொன்னார்: நல்ல வானிலையில் கரையில் பறவை இல்லாமல் இருப்பதே அவை கடலைத் தாண்டி வருவதற்கு அடையாளம், கரையைப் பொருட்படுத்தாமல் அவை உள்ளே பறந்துவிடுகின்றன. சொன்னதோடு விடவில்லை. 1948 வசந்தத்தில் யுகடான் கரையில் தொலைநோக்கியை நிலவின் மேல் திருப்பி வைத்து, நிலவின் முகத்துக்குக் குறுக்கே போகும் நிழல்களை எண்ணும் வேலை நடந்தது. பின்னால் 1960களில் சிட்னி காத்ரோ வானிலை ரேடார் திரையில், கடலிலிருந்து கரைக்கு வரும் பறவைக் கூட்டங்களையே காட்டிவிட்டார். நீங்கள் ஒரு வரியில் அலட்சியமாகத் தள்ளிய அந்தக் காலை நேரத்து வெறுமைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காற்றைக் கவனிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய அலுமினிய டிரெய்லரில் வசந்தம்தோறும் வந்து தங்கும் பெரியவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நாங்கள் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஓடும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். எழுந்ததும் கடல்வானிலை வானொலியைப் போடுவார். தெற்கு என்று சொன்னால் அன்றைக்குத் துணி துவைப்பார், மீன் பிடிக்கப் போவார். வடக்கு என்றால் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி சுமாருக்குப் பாய் ஸ்கவுட் காட்டின் குளத்தருகே இருக்கும் படிவரிசைப் பலகையில் வந்து உட்காருவார். வானிலை மோசம் என்று யாராவது புலம்பினால் அவருக்கு ஆகாது. யாருக்கு மோசம் என்று திருப்பிக் கேட்பார்.

அவருடைய டிரெய்லருக்குத் தண்ணீர் வரும் ஹோஸின் இணைப்பில் ஒரு கசிவு இருந்தது. சொட்டுச்சொட்டாக விழுந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு ஏப்ரலில், இரவில் மழை பெய்து காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கிய மதியம், அந்தத் தேக்கத்துக்கு ஒரு ஹூடட் வார்ப்ளர் வந்தது. மஞ்சள் முகம், கறுப்பு முக்காடு. நாங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், என் செருப்பிலிருந்து ஒரு முழ தூரம் இருக்கும். என்னைப் பார்க்கக்கூட அதற்குத் தெம்பில்லை. நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டு நின்றது, சதை கரைந்துபோயிருந்தது. குடித்தது, கண்ணை மூடியது, மறுபடி குடித்தது. அதற்குப் பிறகு இண்டிகோ பன்டிங்குகள் புல்லில் நீலத்தைக் கொட்டினாற்போல இறங்கின. மல்பெரி மரத்தில் ஸ்கார்லெட் டேனஜர்கள் ஒரே கிளையில் நெருக்கியடித்துக்கொண்டு பழம் தின்றன. பார்க்கில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. அந்த இணைப்பை இறுக்கித் தருகிறேன் என்று நான் ஒருமுறை ஸ்பேனரை எடுத்தபோது அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

நீங்கள் கிளம்பிய அந்த மதியம் அங்கே என்ன இறங்கியது என்று பார்க்க நான் அங்கே இல்லை. ஆனால் உங்கள் ஆவ்னிங் அடித்த அடியை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை வைத்துச் சொல்கிறேன், நானாக இருந்தால் அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு நாள் வாடகையைக் கட்டியிருப்பேன்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உங்கள் மூன்றாம் பகுதி. ஹை ஐலண்டின் ஸ்மித் ஓக்ஸ் குளத்துக் கரண்டிவாயன்களை நீங்கள் எழுதியிருப்பதுபோல் தமிழில் வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. மரங்களுக்கிடையே போகும் உயர நடைபாதையில் நின்று, ஆண் பறவை குச்சியைக் கொண்டுவந்து கொடுப்பதையும், பெண் பறவை அதை வாங்கி, கூட்டில் வைத்து, பிடிக்காமல் எடுத்து, வேறு பக்கம் செருகுவதையும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல் கூடுதல் இல்லை. அடியில் முதலைகள் காவல் கிடப்பதால் ரக்கூன்கள் நீந்தி வந்து முட்டை திருட முடியாது என்பதை, விளக்கமாகச் சொல்லாமல், தண்ணீரில் தெரியும் இரண்டு கண்களை வைத்தே சொல்லிவிட்டீர்கள். கரண்டிவாயனின் சிறகுக்காகவே, விசிறி செய்து விற்க, ஒரு காலத்தில் இந்தப் பறவையைச் சுட்டுத் தீர்த்தார்கள். அதையும் ஒரே வரியில் வைத்துவிட்டு நகர்ந்தீர்கள். இதை என் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன், இரண்டு முறை. இப்படிப் பார்க்கத் தெரிந்த கண் காற்றைப் பார்க்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ப்ளூபானெட் பார்க்கப் போன வில்லோ சிட்டி லூப்பில் டிரெய்லரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். 13 மைல் குறுகிய பாதை, இரண்டு பக்கமும் தனியார் பண்ணை, நடுநடுவே மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட இரும்புக் கம்பிகள், ஒதுங்க இடம் கிடையாது. எதிரே வண்டி வந்தபோது பின்னோக்கி எடுத்த கதைக்கு மூன்று பத்தி கொடுத்திருக்கிறீர்கள். டிரெய்லரைப் பார்க்கில் நிறுத்திவிட்டு வெறும் பிக்கப்பில் போயிருந்தால் அந்த மூன்று பத்தியும் பூவுக்குக் கிடைத்திருக்கும். டிரெய்லர் வாங்குவதே ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அங்கிருந்து வெறும் வண்டியில் சுற்றத்தானே?

அதே நேரத்தில் அனாவாக் சரணாலயத்தின் ஷவலர் குளத்தைச் சுற்றிவரும் இரண்டரை மைல் பாதைக்கு ஒரே ஒரு வரி! மெதுவாகப் போகும் கார்தான் அங்கே மறைவிடம். ஜன்னலை இறக்கி, ஏ.சி.யை அணைத்து, நடை வேகத்தில் போக வேண்டும். ஊதா நிறக் கேலினூல் பறவை அல்லியிலையில் கால் மாற்றி மாற்றி வைப்பதைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம். கதவைத் திறந்து இறங்கினீர்களோ, கோரைக்குள் போய்விடும். ஒரு மதியம் முழுதும் கொடுக்க வேண்டிய இடம் அது. நீங்கள் சுற்றி முடித்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த முறை ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வாருங்கள். ப்ளூபானெட் அப்போது ஓய்ந்துபோயிருக்கும், அதற்கு மார்ச் கடைசியில் தனியாகப் போகலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்கப் பார்த்ததால்தான் உங்களுக்கு அந்த அவசரம் வந்தது. இடத்தை முன்பதிவு செய்யும்போது கடைசியில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரைகளைப் புத்தகமாக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கால்வெஸ்டன் விமான நிலையத்தின் மணிவாரிக் காற்றுப் பதிவு நீங்கள் கிளம்பிய தேதிக்கும் கிடைக்கும். அதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு ஐந்தாம் பகுதியைத் திரும்ப எழுதுங்கள். எழுதியதும் அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்