உலர்பூவும் பூசணியும்: இலையுதிர்கால விருந்து மேசைக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் தேங்க்ஸ்கிவிங் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வரும். 1957 இல் இருந்து அதுதான் நாள். ஒன்ராறியோவில் அப்போது மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், சந்தைகளில் பூசணிக்காய்கள் குவிந்து கிடக்கும், தோட்டத்தின் கடைசிப் பூக்களை உறைபனி எந்த இரவிலும் கருக்கிவிடலாம். அந்த அறுவடையையே விருந்து மேசையில் பரப்புவதுதான் இந்தப் பருவத்துக்கு உரிய அலங்காரம். பிளாஸ்டிக் இலைகளுக்கும் செயற்கைப் பூசணிகளுக்கும் இதில் வேலையே இல்லை.

இந்த வழிகாட்டிக்கு ஒரே விதிதான். பூசணியைக் குடைய வேண்டாம், அதற்கு வர்ணம் பூச வேண்டாம், பசை வைத்து எதையும் ஒட்ட வேண்டாம். குடைந்த காய் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பூஞ்சை பிடித்துக் குழைந்துவிடும். முழுக்காய் குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் நிற்கும், விருந்து முடிந்தபின் கறியும் ஆகும். நல்ல உணவுப் பொருளைச் சில நாள் அழகுக்காகக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பூக்களைத் தனியே ஒரு வளையமாகக் கட்டி, நடுவில் காயை உட்கார வைத்தால் இரண்டுமே கெடாது.

தேவையான பொருள்கள்

ஆறு பேர் உட்காரும், 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட மேசைக்கு இந்த அளவு போதும்.

• சணல் துணி அல்லது லினன் விரிப்பு: 30 செ.மீ. அகலம், 220 செ.மீ. நீளம்
• சுகர் பை வகைப் பூசணி 1: சுமார் 18 செ.மீ. குறுக்களவு
• உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் பூசணி 6: செம்மஞ்சள் நிறத்துக்கு ஜாக் பி லிட்டில், வெள்ளைக்கு பேபி பூ
• கொடி வளையம் 1: உள் குறுக்களவு 20 செ.மீ.
• உலர்ந்த பூத்தண்டுகள் 80 முதல் 90 வரை
• உலர்ந்த கோதுமைக் கதிர்கள் 20
• பல நிற மணிகள் உள்ள உலர்சோளம் 3
• சணல் நூல், மெல்லிய கம்பி, கத்தரிக்கோல்
• பூசணிகளுக்கு அடியில் வைக்கத் தக்கைத் தட்டுகள்
• பற்றரியில் எரியும் எல்இடி மெழுகுதிரிகள் 4

பல நிறச் சோளம் வெறும் அழகுக்காகச் சேர்த்ததல்ல. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து வளர்த்தவர்கள் இந்தப் பகுதியின் ஹோடனோசோனி மக்கள். அவரைக்குச் சோளத்தண்டு கொழுகொம்பு. பூசணியிலை நிலத்தை மூடிக் களையை அடக்கும். ‘மூன்று சகோதரிகள்’ என்று பெயர் பெற்ற அந்தப் பயிர்களில் இரண்டு உங்கள் மேசையில் இருக்கின்றன. விருந்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

படி 1: பூக்களை உலர்த்துதல் (ஓகஸ்ட், செப்டெம்பர்)

உலர்த்த இரண்டு முதல் மூன்று வாரம் வேண்டும். ஆகவே செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் பூப்பறித்து முடித்துவிடுங்கள். பனி காய்ந்தபின், முற்பகலில் பறிப்பதே நல்லது. ஈரத்தோடு பறித்தால் கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

எந்தப் பூவை எந்த நிலையில் பறிப்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது.

வாடாமல்லி: நம் மாலைகளில் பார்த்துப் பழகிய அதே பூ. ஒன்ராறியோவில் மே மாதக் கடைசியில் நட்டால் உறைபனி வரை பூக்கும். முழுதாக விரிந்து, தண்டைப் பிடித்து ஆட்டினால் தலை துவளாமல் நிற்கும்போது பறியுங்கள். உலர்ந்த பின்னும் நிறம் நிற்பதில் இதற்கு ஈடு குறைவு.

ஸ்ட்ரோஃபிளவர்: தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும் இதழ்கள். இதை முழுதாக விரியும் முன், வெளி இதழ்கள் இரண்டு மூன்று அடுக்கு திறந்ததுமே பறிக்க வேண்டும். உலரும்போதும் அது விரிந்துகொண்டே போகும். காய்ந்த தண்டு தலையைத் தாங்காது என்பதால் பச்சையாக இருக்கும்போதே மெல்லிய கம்பியை உள்ளே செருகிவிடுங்கள்.

கோழிக்கொண்டை: தலை நன்றாகப் பெருத்து, விதை கொட்டத் தொடங்கும் முன் பறியுங்கள். இலைகளை முழுதாக நீக்கிவிடுங்கள்.

ஹைட்ரேஞ்சியா: அவசரப்படக் கூடாத பூ. கோடையில் பறித்தால் சுருங்கிப் போகும். இதழ்கள் செடியிலேயே தடித்து, காகிதத் தன்மை வந்தபின் பறித்து, 5 செ.மீ. தண்ணீர் உள்ள சாடியில் நிறுத்துங்கள். தண்ணீர் மெல்ல வற்ற வற்றப் பூவும் உலரும்.

லவெண்டர், ஸ்டாட்டிஸ், கோதுமைக் கதிர் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தேவையில்லை. பறித்துக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

ஹைட்ரேஞ்சியா தவிர மற்றவற்றைப் பத்துப் பத்துத் தண்டாகச் சேர்த்து றப்பர் பாண்டால் கட்டுங்கள். உலரும்போது தண்டு சுருங்கும். நூல் கட்டு தளர்ந்து பூக்கள் கீழே விழும், றப்பர் கூடவே இறுகும். இருட்டான, காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும். ஈரம் ஊறும் நிலவறையை விட, உடுப்பு அலுமாரியே இதற்கு நல்ல இடம். தண்டை வளைக்கும்போது படக்கென்று ஒடிந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள்.

படி 2: பூசணியைத் தெரிவு செய்தல் (செப்டெம்பர் இறுதி)

சென் ஜேக்கப்ஸ் உழவர் சந்தையிலோ வீட்டுக்கு அருகில் உள்ள பண்ணையிலோ வாங்குங்கள். காம்பு முக்கியம். 8 செ.மீ. அளவாவது நீளமாக, காய்ந்து, உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். காம்பு உடைந்த காயில் அந்தக் காயத்தின் வழியாகவே அழுகல் தொடங்கும். எனவே காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் கைகொடுத்து எடுங்கள்.

நகத்தால் தோலை மெல்ல அழுத்திப் பாருங்கள். தடம் பதியாவிட்டால் முற்றிய காய். அடிப்பக்கம் மென்மையாக இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பறித்த காயைச் சுமார் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து நாள் வைத்துத் தோலை இறுக விடுவது பண்ணைகளின் வழக்கம். அப்படிப் பதப்பட்ட காய் நீண்ட நாள் நிற்கும். வீட்டுக் கொடியில் காய்த்ததென்றால் உறைபனிக்கு முன்பே பறித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்த கரைசலால் தோலைத் துடைத்து, நல்ல தண்ணீரால் மீண்டும் துடைத்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள். விருந்து வரை 10 முதல் 13 பாகை வெப்பமுள்ள இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் குளிர் பூசணிக்கு ஆகாது.

சாம்பல்நீல ஜாராடேல், தட்டையான சிவப்பு சிண்டரெல்லா போன்ற பெரிய வகைகள் மேசைக்கு இடைஞ்சல். அவற்றை வாசலிலோ பக்க மேசையிலோ வையுங்கள்.

படி 3: வளையத்தைக் கட்டுதல் (விருந்துக்கு ஒரு வாரம் முன்)

கொடி வளையம் கடையில் கிடைக்கும். வேலியோரம் காட்டுத் திராட்சைக் கொடி இருந்தால் நீங்களே செய்யலாம். கொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நான்கு சுற்று வளைத்து, நுனியை இடையில் செருகுங்கள்.

காய்ந்த பூ எளிதில் நொறுங்கும். யாராவது சுடுநீரில் குளித்து முடித்த குளியலறையில் அரை மணி நேரம் வைத்தால் காற்றின் ஈரத்தில் சற்று இளகும்.

தண்டுகளை 10 செ.மீ. நீளமாக வெட்டி, ஆறு ஆறாகச் சேர்த்துச் சிறு கொத்துகளாகக் கட்டுங்கள். ஒவ்வொரு கொத்திலும் ஒரு பெரிய பூ, இரண்டு மூன்று சிறிய பூ, ஒரு கதிர் இருக்கட்டும். 14 அல்லது 15 கொத்துகள் வேண்டும். முதல் கொத்தை வளையத்தின் மேல் வைத்துக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கம்பியை வெட்டாமல், 5 செ.மீ. பின்னால் அடுத்த கொத்தை வையுங்கள். அதன் பூத்தலைகள் முந்திய கொத்தின் காம்பை மறைக்க வேண்டும். மாலை தொடுப்பது போல இப்படியே ஒரே திசையில் சுற்றி வந்து, கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் தலைக்குக் கீழே ஒளித்துக் கட்டி முடியுங்கள்.

படி 4: மேசையை அமைத்தல் (விருந்துக்கு முதல்நாள்)

விரிப்பை மேசையின் நடுவே நீளவாக்கில் இடுங்கள். இரு பக்கத் தட்டுகளும் கிண்ணங்களும் போக நடுவில் கிடைப்பது ஏறக்குறைய 30 செ.மீ.தான். அலங்காரம் அதற்குள் அடங்க வேண்டும்.

மேசையின் மையத்திலிருந்து சற்று விலக்கி வளையத்தை வையுங்கள். உள்ளே தக்கைத் தட்டு, அதன் மேல் சுகர் பை பூசணி. தட்டை மறக்காதீர்கள், அடி கசிந்தால் மரத்தில் கறை படிந்துவிடும். குட்டிப் பூசணிகளை ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் இரண்டு என்று பிரித்து வையுங்கள். இருபுறமும் சரிசமமாக அடுக்கினால் நாட்டுப்புறத் தோற்றம் போய்க் கல்யாண மண்டபத் தோற்றம் வந்துவிடும். சோளத்தை உரித்த மடல்களோடு சாய்த்து வையுங்கள். மீந்த கதிர்களைச் சணல் நூலால் சிறு கட்டாக்கி இடைவெளிகளில் படுக்க வையுங்கள்.

கடைசியாக மேப்பிள் இலைகள். விழுந்தவுடன் பொறுக்கி, கனமான புத்தகத்துக்குள் காகிதம் இட்டு ஒரு வாரம் அழுத்தி வைத்திருந்தால் சுருளாது.

இப்போது கதிரையில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி முன்கையை நிமிர்த்துங்கள். உங்கள் விரல்நுனியை விட உயரமாக எதுவும் இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் முகம் தெரியாத மேசையில் பேச்சு வளராது.

படி 5: வெளிச்சமும் பாதுகாப்பும்

உலர்பூ நொடியில் தீப்பற்றும். எனவே மேசையில் எல்இடி மெழுகுதிரிகளை மட்டும் வையுங்கள். உண்மையான சுடர் வேண்டுமென்றால் உயரமான கண்ணாடிக் கூண்டுக்குள், பூக்கள் இல்லாத பக்க மேசையில் ஏற்றுங்கள். பூ உதிராமல் இருக்க ஹெயார் ஸ்பிறே அடிக்கும் வழக்கமும் வேண்டாம். அதுவும் எரியக்கூடியது.

வெளியில் பறிப்பதிலும் கவனம் தேவை. நெடுஞ்சாலையோரம் அசையும் ஃபிராக்மைட்டிஸ் நாணல், செம்மஞ்சள் காய் கொண்ட கீழ்நாட்டு பிட்டர்சுவீட் கொடி இரண்டும் கண்ணைக் கவரும். இரண்டுமே இங்குள்ள தாவரங்களை நெருக்கி அழிக்கும் அந்நியச் செடிகள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் விதையையும் சேர்த்துக் கொண்டுவருகிறீர்கள். பிட்டர்சுவீட் காய் நஞ்சும்கூட.

படி 6: விருந்துக்குப் பிறகு

ஹீற்றர் ஓடும் அறையில் பூசணியின் ஆயுள் குறையும். விருந்து முடிந்ததும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் சமையுங்கள். சுகர் பை இனிப்பான, நாரில்லாத சதை; தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் சாம்பாருக்கும் பொருந்தும். குட்டிப் பூசணியை மேற்பக்கம் சீவி, விதையை எடுத்து, முழுதாக அவனில் வேகவைத்து ஆளுக்கொன்று பரிமாறலாம். விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பிட்டு வறுத்தால் மாலைத் தேநீருக்கு ஆகும்.

ஓர் எச்சரிக்கை. கரடுமுரடான, பச்சை மஞ்சள் கோடிட்ட அலங்காரச் சுரைக்காய்களும் பூசணியோடு சேர்த்து விற்கப்படும். அவை சமையலுக்கு அல்ல. எந்தப் பூசணியானாலும் ஒரு சிறு துண்டு கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது.

பூ வளையத்தைக் காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில், வெயில் படாமல் வையுங்கள். அடுத்த ஆண்டு உதிர்ந்த கொத்துகளை மட்டும் மாற்றினால் போதும்.

இந்த ஆண்டு சந்தைக்குப் போகும்போது, ஒவ்வொரு பூசணியையும் கையில் எடுத்ததும் இதை என்ன கறி வைப்போம் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். பதில் கிடைக்காத காயை அங்கேயே விட்டுவிடுங்கள்.