பந்தயக் கமிட்டியில் புதிதாக உட்காரும் தம்பிகளுக்கு

பெரியகுளம், சின்னமனூர், கம்பம் என்று இந்தப் பக்கம் எங்கே மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தாலும், வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டிய கையோடு தகராறும் வந்து நிற்கும். அதைத் தீர்க்கும் இடத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வண்டி பூட்டும் முன்பே நியாயம் தொடங்கிவிடுகிறது. தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று பிரித்திருப்பது அதற்குத்தான். நடுமாட்டைக் கரிச்சானில் இறக்க ஆள் இருப்பார்கள். மாட்டின் பல்லைப் பாருங்கள், உயரத்தைப் பாருங்கள். மாட்டுக்காரர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்க்காதீர்கள். கார்ப் பந்தயத்திலும் அப்படித்தான். 2024-ல் பெல்ஜியம் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸல் முதலில் வந்தார். எடை போட்டால் விதியில் உள்ளதைவிடக் கார் ஒன்றரைக் கிலோ குறைவு. வெற்றியைப் பறித்துவிட்டார்கள்.

2. தார்க்குச்சி கண்ணில் பட்டால் அந்த வண்டி அதோடு வெளியே. இதில் பேச்சுக்கே இடமில்லை. மாட்டை வதைப்பதாகச் சொல்லித்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது.

3. குறுக்கே விட்டான் என்று புகார் வந்தால், யார் ஜெயித்தது என்பதை மறந்துவிடுங்கள். முன்வண்டி ஒதுங்கிய நேரத்தில் பின்வண்டி மாட்டின் தலை எங்கே இருந்தது? முன்வண்டியின் சக்கரத்தைத் தாண்டி ஏறியிருந்தால் அந்த இடம் பின்னால் வந்தவருக்கும் சொந்தம். அதற்குப் பிறகு அணைத்தால் சக்கரத்தோடு சக்கரம் மாட்டி இரண்டு ஜோடியும் ரோட்டில் விழும். திருப்பத்தில் நின்று பார்த்தவரை முதலில் விசாரியுங்கள். சாரதிகளைப் பிறகு கேட்கலாம்.

4. கடைசியில் வருகிறவனுக்கும் ரோட்டில் பங்கு உண்டு. இதை மட்டும் மனதில் நன்றாக ஏற்றிக்கொள்ளுங்கள். 2012 மார்ச்சில் மலேசியாவின் செபாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டியது வேகம் குறைந்த கார். ஜென்சன் பட்டன் முந்தப் போய் அவரை இடித்தார். தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அதே பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டல் நரேனைத் தாண்டும்போது உரசி டயரைக் கிழித்துக்கொண்டார், அவரை முட்டாள் என்று ஏசினார். பட்டன், வெட்டல் இரண்டு பேருமே உலக சாம்பியன்கள். வெட்டல் விஷயத்தில் நடுவர்கள் 20 விநாடி தண்டனை போட்டது நரேனுக்கு. எனக்கு இன்றும் அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. பெரிய சாரதி கத்தினால் சின்ன சாரதி மேல் பழி விழுவது நம் ஊரிலும் நடக்கிறது. உங்கள் காலத்திலாவது அது நடக்கக் கூடாது.

5. தவறி இடிப்பது வேறு, வேண்டுமென்றே இடிப்பது வேறு. 1997-ல் ஹெரெஸ் பந்தயத்துக்கு மைக்கேல் ஷூமாக்கர் சாம்பியன் பட்டப் போட்டியில் ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் வந்தார். தன்னை முந்த வந்த போட்டியாளர் வில்நெவ் மேல் காரைத் திருப்பினார். அந்த வருஷத்து இரண்டாம் இடத்தையே அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அளவுக்குத் தைரியம் வேண்டும்.

6. சொந்தக்காரர் வண்டி ஓடும் பிரிவில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

7. ‘விழாக் கமிட்டியாரின் முடிவே இறுதியானது’ என்று நோட்டீசில் அடித்திருக்கிறதே, அதைக் காட்டி யார் வாயையும் அடைக்காதீர்கள். தோற்ற சாரதியைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த இடத்தில் என்ன பார்த்தோம் என்று சொல்லுங்கள். மைக்கில் அறிவிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.